வடக்கு மூலைக்காரி

செருப்ப அங்ஙனயே போட்டுட்டு உள்ள வாங்க சார். கோழி நடமாடுத எடம், பாத்து மிதிங்க. ஸ்டேடியத்துக்குப் பொன்விழா, மலர் போடுதாவ, அதுக்கு வரலாறு எழுத வந்திருக்கேன்னு நீங்க வாசல்ல வச்சுச் சொன்னது கேட்டுது. என் காதுக்கு ஒரு குறையும் இல்ல. இருந்திருந்தா இந்த வீட்டுல நிம்மதியா குடியிருந்திருப்பேன்.

இருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல இருங்க.

மைதானத்துக்கு வடக்கு மூலை மட்டும் ஏன் கடிச்சு எடுத்த மாதிரி இருக்குன்னுதானே கேட்டிய? முந்திரிவிளையில எவன்கிட்டயும் கேட்டுருங்க, அங்க ஒரு பொம்பள இருக்கா, தலையில ஹெல்மெட் மாட்டிக்கிட்டுப் போங்கன்னு சொல்லுவான். வடக்கு மூலைக்காரின்னுதான் எனக்குப் பேரு. ஞானஸ்நானத்துல வச்ச பேரு அமலோற்பவம். அது இப்போ ரேஷன் கார்டுலயும் கோர்ட்டு சம்மன்லயும் மட்டுந்தான் இருக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிருதேன், அப்பிடியே எழுதிக்கிடுங்க. எனக்கு ஃபுட்பால்னா ஆகாது. அன்னைக்கும் ஆகாது, இன்னைக்கும் ஆகாது. வளந்த ஆம்பிளையள் அரை நிக்கரு போட்டுக்கிட்டு ஒரு பந்துக்கு அடிச்சுக்கிடுதானுவ. ஆளுக்கொரு பந்து வாங்கிக் குடுத்தா பிரச்சினை தீர்ந்துது. நான் அதைச் சொன்னா சிரிக்கானுவ.

நான் கல்யாணம் முடிஞ்சு வரும்போது அது ஸ்டேடியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தூந்துபோன குளம். பேரூராட்சிக்குச் சொந்தமான எடம். காலையில எருமை மேயும், சாயங்காலம் பயலுவ பந்து தட்டுவானுவ. ரெண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியல்ல. வடக்குக் கரையில எங்க வீடு. அவிய, எங்க வீட்டுக்காரரு கொர்னேலியூஸ், பஸ் கண்டக்டரு. நாள் பூரா டிக்கெட் டிக்கெட்டுன்னு கத்திட்டு வாறதுனால வீட்டுல வாயத் திறக்க மாட்டாரு. எல்லாத்துக்கும் சேத்து நான்தான் பேசணும். கோழி வளத்து முட்டை வித்தேன். மரியாதையா இருந்தோம்.

ஒரு நாள் செவலைக் கோழி ஒண்ணு அடை இருக்கு. கூடையில, முற்றத்துல. வந்து விழுந்துது பாருங்க ஒரு பந்து, நேரா கூடைக்குள்ள. கோழியும் போச்சு, முட்டையும் போச்சு. நான் அருவாமணைய எடுத்துப் பந்தை ரெண்டா வகுந்து, ஒரு பாதியில கோழிக்குத் தண்ணி வச்சேன். மத்த கோழிக்கு.

அப்போதான் தோபியாஸ் வந்தான். நீங்க எழுதப்போற வரலாறுல இவன் பேரு பக்கத்துக்குப் பக்கம் இருக்கும், எனக்குத் தெரியும். அன்னைக்கு சின்ன வயசு, ஒல்லியா புடலங்காய் மாதிரி இருப்பான். டீமுக்கு ஃபார்வேர்டும் அவன்தான், கிளப்புக்கு செயலாளரும் அவன்தான், பந்துக்குக் காத்து அடிக்கதும் அவன்தான். வந்து நின்னு பந்தப் பாத்தான், கோழி அதுல தண்ணி குடிக்கதப் பாத்தான். கோழிக்கு வருத்தம் சொல்லிட்டு, பந்துக்கு நீங்க வருத்தம் சொல்லுவியளா அக்கான்னு கேட்டான். கேள்வியப் பாருங்க. மனு எழுதிருவேன்னு சொன்னேன். எழுதுங்கன்னான்.

எழுதினேன். மைதானத்துக்குச் சுவர் இல்லாததால பந்து பொதுமக்கள் உயிருக்கு ஆபத்தா இருக்குன்னு. கோழின்னு எழுதினா எவனும் அசைய மாட்டான், அதனால பொதுமக்கள்னு எழுதினேன். பேரூராட்சி ஆபீசுக்கு நடையா நடந்தேன். நிர்வாக அதிகாரி என்னைக் கண்டா பின்வாசல் வழியாப் போவாரு. நானும் பின்வாசல்ல போய் நின்னேன். கடைசியில தொல்லை விட்டாப் போதும்னு சுத்திச் சுவர் கட்டினாங்க.

நல்லது செய்யப் போய் என்ன ஆச்சு பாருங்க. சுவர் இல்லாதவரைக்கும் ஊருக்காரன் சும்மா நின்னு பாத்தான். சுவரும் கேட்டும் வந்த உடனே இந்தப் பயலுவ கேட்டுல ஆள நிறுத்தி டிக்கெட்டு போட்டுட்டானுவ. அந்தப் பணத்துல டோர்னமென்ட் நடத்தி, மார்த்தாண்டத்துல இருந்தும் கேரளாவுல இருந்தும் டீம் வந்துது. மைதானம்னு இருந்ததுக்கு ஸ்டேடியம்னு போர்டு மாட்டினான் தோபியாஸ். என் முதுகுக்குப் பின்னால செஞ்ச சதி அது.

நான் விடுவேனா? சுவர் கட்டினது என் எடத்துக்குள்ள வந்திருக்குன்னு சர்வேயரைக் கூட்டிட்டு வந்தேன். அளந்தா, உள்ளதுதான், வடக்கு மூலையில ஒரு துண்டு என் பட்டாவுல இருக்கு. சுவர உடைக்க வச்சு, மூலைய வெட்டி, முள்ளுக்கம்பி கட்டினேன். கார்னர் கொடி நடுத எடம் மட்டும் அவனுவளுக்கு. ஓடி வந்து அடிக்க எடம் கிடையாது. கம்பியில முதுகு உரச நின்னு அடிக்கணும். மேட்சு நடக்கட்டும் பாப்போம்னு இருந்தேன்.

அதுலயும் தோபியாஸ் ஒரு வேலை செஞ்சான். சில்வெஸ்டர்னு ஒரு எடங்கால்காரன், கொல்லன் வீட்டுப் பிள்ளை, அவனைத் தினமும் காலையில அந்த மூலையில நிறுத்தி அடிக்க விட்டான். நான் கோழிக்குத் தவிடு குழைக்குத நேரம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு அவன் அடிக்க அடி இருக்கே, கண்ணால பாக்கச் சகிக்காது. எடம் இல்லாத எடத்துல காலை வீசுவான், பந்து கோலுக்குப் பின்னால போய் விழும். பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். ஒரு நாள் சொன்னேன், எல, காலை வீசாத, வழிச்சு விடு, மாவுப் பானையில கடைசி மாவ வழிக்க மாதிரின்னு. எனக்கு என்ன வந்துது? காலங்காத்தாலே அசிங்கமா ஒண்ணைப் பாக்க வேண்டாமேன்னு சொன்னேன், அவ்வளவுதான்.

அதுக்குப் பெறவு அந்த மூலையில இருந்து பந்து வளைஞ்சு வளைஞ்சு உள்ள போவும். வெளியூர்க்காரன் வந்து அந்த மூலையில நின்னு முழிக்கானே ஒரு முழி, அதைப் பாக்கணும் சார் நீங்க. கம்பியப் பாப்பான், கொடியப் பாப்பான், என்னைப் பாப்பான். நம்ம பயலுவ அதே மூலையில ரெண்டு கோலு போடுவானுவ. மாவட்டக் கப்பு மூணு தடவை வந்துது. பேப்பர்ல போட்டான், முந்திரிவிளை கார்னர்னு. என் பட்டாவுக்குள்ள உள்ள மூலைக்கு அவனுவ பேரு.

நீங்க எழுதுதது தெரியுது. மாவு வழிச்சத எழுதாண்டாம்.

பெறவு புழுதி. சாயங்காலம் ஆனா செம்மண்ணு கிளம்பி வந்து முட்டையெல்லாம் செவந்துபோவும், கடைக்காரன் இது என்ன ஜாதிக் கோழின்னு கேக்கான். கலெக்டருக்கே மனு போட்டேன். அந்த அம்மா நேர்ல வந்துட்டாங்க. வந்தவங்க எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகாம, உள்ள போயி மேட்சு பாத்துட்டாங்க. போர்வெல் போட்டுக் குடுத்து, புல்லும் நடச் சொல்லிட்டுப் போனாங்க. நம்ம பக்கத்துல முதல்முதலா புல்லுத்தரை மைதானம் இதுதான்னு தோபியாஸ் மைக்குல சொன்னான். யாரு மனுவுலன்னு சொன்னானா? இல்ல. சொல்லியிருந்தா நான் அதுக்கும் கேஸ் போட்டிருப்பேன், அது வேற விஷயம்.

ஆம்பிளையள் என் சுவர்ல ஒண்ணுக்குப் போறானுவன்னு எழுதினேன், கக்கூஸ் கட்டினானுவ. என் பலாவுல ஏறி உக்காந்து மேட்சு பாத்து கொம்ப ஒடிக்கானுவன்னு எழுதினேன், கேலரி கட்டினானுவ. நான் எதை நிறுத்தச் சொன்னாலும் அது பெருசாத்தான் ஆவுது. இப்பிடி ஒரு ராசி. அவிய ஒரு தடவை, சோறு தின்னுக்கிட்டு இருந்தவிய, நிமிந்து பாத்து, நீ பேசாம இருந்தா அது குளமாவே இருந்திருக்குமேன்னு சொன்னாவ. வருசத்துல பேசுதது ஒரு வார்த்தை, அதுவும் இப்பிடி. பெறவு மொளகு காயப்போட்டிருக்குன்னு மாடிக்குப் போயிட்டாவ. ஞாயித்துக்கிழமையானா அவியளுக்கு மாடியில மொளகு காயணும். எங்களுக்கு மொளகுக் கொடியே கிடையாது, கடையில வாங்கித்தான் காயப்போடுவாவ. நான் கேட்டுக்கிடல்ல. ஆம்பிளைக்கு எதாவது ஒரு வேலை வேணும்.

கேலரி கட்டினதுதான் என்னால பொறுக்க முடியல்ல. அதுல உச்சிப் படியில இருந்தா என் அடுக்களை தெரியும். நான் என்ன மீனு வாங்குதேன்னு ஊருக்கே தெரியும். நாகர்கோவில்ல வக்கீல வச்சுக் கேஸ் போட்டேன். தடை உத்தரவு வந்துது. கேஸ் முடியற வரைக்கும் அந்த நிலத்துல ஒரு செங்கல் கூடப் புதுசா வைக்கக் கூடாது, நிலத்த வேற எதுக்கும் மாத்தவும் கூடாதுன்னு. கேலரிக்கு இன்னைக்கும் கூரை இல்லாதது எதுனாலன்னு நெனைக்கிய? நான்தான். மழையில நனைஞ்சுக்கிட்டு மேட்சு பாக்கானுவ, பாக்கட்டும். வாய்தா, வாய்தான்னு அது பாட்டுக்குப் போச்சு. மகன் படிச்சு குவைத்துக்குப் போனான். அவிய ரிட்டையர் ஆனாவ, மரிச்சாவ. மொளகு வேலைய நான் எடுத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை காயப்போடாட்டி பூத்துரும், கேட்டியளா.

இப்போதான் நீங்க கேக்க வேண்டிய எடம் வருது. நாலஞ்சு வருசம் முன்ன நேசையன்னு ஒருத்தன் பேரூராட்சித் தலைவரா இருந்தான். அவன் ஒரு நாள் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிட்டு வந்தான், ஆஸ்பத்திரியில நோயாளியப் பாக்க வாற மாதிரி. நீங்க இருக்க நாற்காலியிலதான் இருந்தான். பெரியம்மா பெரியம்மான்னு வாய் நெறய கூப்பிட்டான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு உறவும் கிடையாது. விஷயம் இதுதான். ஸ்டேடியத்த இடிச்சுட்டு அங்க ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் வருது, பணம் சாங்க்ஷன் ஆயாச்சு, என் கேஸ் ஒண்ணுதான் குறுக்க நிக்குது. 

"ஒரே ஒரு கையெழுத்து பெரியம்மா. வாபஸ்னு போட்டா போதும். இனி உங்க ஆயுசுக்கும் இந்த முற்றத்துல ஒரு பந்து விழாது"ன்னான்.

சந்தோசம்தான். வேற என்ன? கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கேட்டது அதுதானே. பாக்குதேன்னு சொல்லி அனுப்பினேன். பெறவு கொஞ்ச நாளைக்கு வயிறு சரியில்ல, சோறு இறங்கல்ல. அந்த சாத்துக்குடியாத்தான் இருக்கும்.

அதுக்குள்ள சங்கதி ஊர் பூரா பரவிட்டு. ஒவ்வொருத்தனா வாறான். சில்வெஸ்டர் வந்தான், அவனுக்குத் தலை நரைச்சாச்சு, ரெயில்வேயில வேலை. பங்குச் சாமியார் வந்தாரு. என் முட்டை வாங்குத கடைக்காரன் வந்தான். எல்லாரும் சொல்லுதது ஒண்ணுதான்: வாபஸ் வாங்கிராதீங்க. இத்தனை காலம் அதே வாய்தான் வாபஸ் வாங்கு வாபஸ் வாங்குன்னு என்னை ஏசினது.

எல்லாரும் வந்தானுவ, தோபியாஸ் வரல்ல.

இதுல எனக்கு வந்த கோபம் இருக்கே. ஸ்டேடியமே அவன் உயிருன்னு ஊரெல்லாம் சொல்லுது. பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு அதுலயே கிடந்தவன். அது போகப் போகுது, இந்த ஆளு எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டானாம். அவனுக்கு இம்புட்டு இருந்தா எனக்கு எம்புட்டு இருக்கும்? வாய்தா செவ்வாக்கிழமை. திங்கக்கிழமை காலையில சேலைய மாத்திக்கிட்டு நான் போனேன். கேட்டு வழியா உள்ள போனேன் சார். அத்தனை வருசத்துல அந்தக் கேட்டுக்குள்ள நான் கால் வச்சது அன்னைக்குத்தான்.

அவன் ஒத்தையில கோடு போட்டுக்கிட்டு இருந்தான். ஓட்டை போட்ட தகர டின்னுல சுண்ணாம்பு. சர்க்கரை வியாதி வந்து ஒரு காலுல ரெண்டு விரல எடுத்தாச்சு, ஒரு பக்கம் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பான். நான் போய் நிக்கேன், பாக்காத மாதிரி இருக்கான்.

"தோபியாசு, ஊரே வந்து கேக்குது. நீ மட்டும் ஏன் வரல்ல?"

அவன் நிமிரல்ல. அந்தக் கோடு முடியற எடம் வரைக்கும் போயிட்டுத்தான் டின்ன கீழ வச்சான்.

"நான் வந்து கேட்டா நீங்க வாபஸ் வாங்கிருவிய அக்கா. அதான் வரல்ல."

பாத்தியளா திமிர? ஒரு வயசான பொம்பளைகிட்ட பேசுத பேச்சா இது? எனக்கு அப்பிடியே உச்சியில ஏறிட்டு. சொன்னேன், நாளைக்கு வாபஸ் வாங்கத்தான் இருந்தேன், நீ இப்பிடிச் சொன்னதுக்காகவே இனி வாங்க மாட்டேன்னு. உங்க இஷ்டம்னு சொல்லிட்டு டின்ன எடுத்துக்கிட்டான். அவன் சிரிச்ச மாதிரி இருந்துது. வெயிலு, கண்ணைச் சுளிச்சிருப்பான். போட்ட கோடும் நேரா இல்ல. பெனால்டி ஏரியா வடக்கால சாஞ்சிருந்துது, அதையும் சொல்லிட்டுத்தான் வந்தேன். அழிச்சுட்டுத் திருப்பிப் போட்டானாம், பெறவு கேள்விப்பட்டேன்.

செவ்வாக்கிழமை கோர்ட்டுல நேசையன் புது வேட்டியில வந்து நிக்கான். என் வக்கீலு வாபஸ் பேப்பரும் எழுதி வச்சிருக்காரு. ஜட்ஜு கேட்டாரு. இல்லைன்னேன். ஏன்ம்மா, நீங்க கேட்டதுதானே நடக்கப் போகுதுன்னு அவரு சொன்னாரு. நான் கேட்டது கேலரியப் பத்தி, கடையப் பத்தி இல்ல, கடை வந்தா அதுக்கு மாடி வரும், மாடியில நின்னா என் அடுக்களை இன்னும் நல்லாத் தெரியும், கேஸ் நடக்கட்டும், நான் மரிச்சா என் மகன் குவைத்துல இருந்து வந்து நடத்துவான்னேன். கோர்ட்டுல சிரிச்சானுவ. ஜட்ஜும் சிரிச்ச மாதிரிதான் தெரிஞ்சுது. வாய்தா தள்ளிப் போச்சு, வந்த பணம் திரும்பிப் போச்சு, அடுத்த தேர்தல்ல நேசையனும் போனான்.

அன்னைக்கு சாயங்காலம் கிளப்புக்காரனுவ மேளத்தோட வந்து என் வாசல்ல வெடி போட்டானுவ. சால்வை வேற கொண்டு வந்தானுவ. வெடிச் சத்தத்துல என் கோழி எல்லாம் பலாவுல ஏறிட்டு, ஒரு வாரம் முட்டை இல்ல. முற்றம் பெருக்குத வாரியல எடுத்து விரட்டினேன். போலீசுலயும் எழுதிக் குடுத்தேன். தோபியாஸ் அந்தக் கூட்டத்துல வரல்ல. தூரத்துல கேட்டுல நின்னான். கைய மட்டும் லேசா உசத்தினான், ரெஃப்ரி ஆட்டம் நடக்கட்டும்னு காட்டுவாரே, அந்த மாதிரி. ஃபவுலு நடந்தாலும் பந்து நம்ம ஆள்கிட்ட இருந்தா விட்டுருவாரு பாருங்க, அதுக்குக் காட்டுதது. எனக்கு எப்பிடித் தெரியுமா? மாடியில மொளகு காயப்போடுதவளுக்கு எல்லாம் கண்ணுல படத்தான் செய்யும்.

போன வருசம் அவன் மரிச்சான். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவன் எந்திரிக்கல்ல. பெட்டிய கோயிலுக்குக் கொண்டுபோறதுக்கு முன்ன மைதானத்துக்குக் கொண்டுவந்து நடுவுல வச்சானுவ. நான் போகல்ல. எனக்கும் அவனுக்கும் என்ன? மாடியில நின்னேன். நல்ல தூறலு. பெட்டியத் தூக்கிக்கிட்டு கோட்டு ஓரமாவே ஒரு சுத்து வந்தானுவ. வடக்கு மூலைக்கு வந்த உடனே கொஞ்ச நேரம் நிறுத்தினானுவ. எதுக்கு அங்க நிறுத்தணும்? கனத்திருக்கும். பெறவு எவனோ ஒரு பயல் நீளமா ஒரு விசில் ஊதினான். மரிச்ச வீட்டுல எவனாவது விசில் ஊதுவானா? எனக்கு அடங்காத கோபம். அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கல்ல, கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோயிருந்துது. தீர்ந்துதா, இல்ல தீரப் போகுத மாதிரி இருந்துதான்னு இப்போ நெனவில்ல.

இப்போ ஆல்வின் செயலாளரு. படிச்ச பையன், தங்கமான பையன். அதுதான் சிக்கலு. பொறுப்புக்கு வந்த உடனே எங்கிட்ட வந்து, ஆன்ட்டி, உங்களுக்கு எங்களால ரொம்பத் தொந்தரவு, மன்னிச்சுக்கிடணும்னான். மன்னிப்புக் கேட்டுட்டா மேல என்ன பேச? போன கிறிஸ்துமஸுக்கு முன்ன பெரிய பெரிய கம்பி நட்டு, வடக்குப் பக்கம் பூரா வலை கட்டிட்டான். தென்னை ஒசரம் இருக்கும். இது கட்டடத்துல சேராது, தடை உத்தரவுக்குள்ள வராதுன்னு என் வக்கீலும் சொல்லிட்டாரு. அதுக்குப் பெறவு இந்த முற்றத்துல ஒரு பந்து விழல்ல. பந்து எடுக்கணும்னு ஒரு பயல் இந்த வாசல்ல வந்து நிக்கல்ல. கோழியெல்லாம் வஞ்சகமில்லாம முட்டை போடுது. யாரு திங்க? போகும்போது உங்களுக்குப் பத்து தாறேன்.

மாடியில இருந்து பாத்தாலும் அந்த வலை குறுக்க நிக்குது. எது பந்து, எது ஆளுன்னு தெரியல்ல. மொளகுக்கு வெயிலே விழல்ல சார்.

நீங்க எழுத்துக்காரருதானே, பேனா வச்சிருக்கிய. எனக்கு இப்போ எழுத்து கோணுது. அந்த மலரு கிடக்கட்டும், அதுக்கு நாளைக்கும் எழுதலாம். முதல்ல ஒரு தாளக் கிழிச்சு மேல 'பெறுநர், நிர்வாக அதிகாரி'ன்னு போடுங்க. மேற்படி ஸ்டேடியத்துல வடக்குப் பக்கம் கட்டியிருக்க வலைய உடனே அவுக்கணும்னு எழுதுங்க. 

காரணமா?

காத்து வரல்லன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் எழுதாண்டாம்.